ஓட்டோவுக்கு வாய்தா

ராஜபாளையத்தில் பிறந்தவர்கள் தலையில் உலகம் ஒரு பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது. வெளியூரில் போய் ஊர்ப் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவர், "அடடே, அந்த நாய்!" என்பார். உடனே நாமே பெற்று வளர்த்த மாதிரி முகத்தில் ஒரு பெருமையை வரவழைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் எத்தனையோ மில் ஓடுகிறது. சுற்றுவட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்து ஊர் உலகத்தின் காயங்களுக்கெல்லாம் அனுப்பி வைக்கிறார்கள். அதையெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை. நாயைத்தான் விசாரிக்கிறார்கள்.

ஹெப்சிபாவின் தெருவில் ராஜபாளையம் நாய் என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது தீவனக் கடையின் பெயர்ப் பலகையில் படமாக நின்றது. அந்தப் படத்தையும் அவள் எதிர்ச்சாரியில் நடந்துதான் கடப்பாள்.

காரணம் இருந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கையில், டியூஷன் விட்டு வந்தவளை ஒரு செவலைத் தெருநாய் துரத்திவிட்டது. அவள் ஓடிப்போய் ஓரத்தில் நின்ற தண்ணீர் லாரியின் ஏணியில் ஏறிக்கொண்டாள். லாரிக்காரருக்கு அது தெரியாது. வண்டியை எடுத்துவிட்டார். பிள்ளையைச் சத்திரப்பட்டி ரோட்டில் போய் இறக்கிக் கூட்டி வந்தார்கள். நாய் கடிக்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. கடித்திருந்தால் ஊசியோடு விவகாரம் முடிந்திருக்கும். கடிக்காமல் விட்டதனால் அந்தக் கடி என்றைக்கோ வர வேண்டிய பாக்கியாக அவள் கணுக்காலில் நின்றுகொண்டே இருந்தது.

அவளுடைய தகப்பனார் பிரேம்குமார், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. தினமும் காலையில் கட்டுக்கட்டாகக் காகிதத்தை அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். வாழ்க்கையில் எந்தச் சிக்கலுக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: எதையும் ஒத்துக்கொள்ளவும் கூடாது, மறுக்கவும் கூடாது, வாய்தா வாங்க வேண்டும். வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று மனைவி கிருபாபாய் முறையிட்டால், "பாப்பம், அடுத்த வாரம்" என்பார். அந்தக் குழாய் இன்றைக்கும் நிலுவையில்தான் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

கிருஷ்ணன்கோவில் பக்கம் சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஹெப்சிபாவுக்குக் கோடைக்கு ஜெர்மனியில் படிக்க இடம் கிடைத்தது. வார நாளில் வகுப்பு, சனி ஞாயிறில் ரயில் ஏறி ஐரோப்பா முழுவதும் சுற்றலாம். நிபந்தனை ஒன்று. தங்குவதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் இடம் கொடுக்க வேண்டும். கொடுத்தவர் பாதியில் வேண்டாம் என்றால் மாற்று இடம் கிடையாது, அடுத்த விமானத்தில் ஊர் திரும்ப வேண்டும்.

இடம் கொடுக்க முன்வந்தவர் இங்க்ரிட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. வீடியோ காலில் வந்தார். அவருக்குப் பின்னால் கன்றுக்குட்டி அளவில் கறுப்பாக ஒன்று எழுந்து நின்றது. அது ஓட்டோ. ஹெப்சிபா நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள்.

"ராஜபாளையமா! நான் படித்திருக்கிறேன். அப்படியானால் நீ நாய்களோடு வளர்ந்தவள், இல்லையா?"

கேமராவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பிரேம்குமார் கிசுகிசுத்தார். "ஒத்துக்காத. மறுக்காத. சிரி."

ஹெப்சிபா சிரித்தாள். இங்க்ரிட் கை தட்டினார். அறை அவளுக்கு என்று அந்த நிமிடமே முடிவாயிற்று.

கால் முடிந்ததும் கிருபாபாய் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, பிள்ளைக்கு நாய்னா உசுரு நிக்காதே! தெரிஞ்சுக்கிட்டே அனுப்புதிய?"

"ஏட்டி, நீ சும்மா இரு. அவ பொய் சொன்னாளா? சிரிச்சா. சிரிப்பை எந்தக் கோர்ட்லயும் சாட்சியா எடுத்துக்க மாட்டாவ."

கோர்ட்டில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்தான். ஓட்டோ கோர்ட்டுக்குக் கட்டுப்பட்டதல்ல என்பதை அவர் யோசிக்கவில்லை.

ரைன் ஆற்றின் ஜெர்மன் கரையில் அந்த ஊர். டிராம் ஏறினால் பாலம் தாண்டி பிரான்சுக்குப் போய்விடலாம். வீடு அழகு, தோட்டம் அழகு. ஹெப்சிபா இரண்டையும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். ஓட்டோ கூடத்தில் இருந்தால் அவள் அறைக்குள். ஓட்டோ அறை வாசலில் வந்து படுத்துக்கொண்டால், கதவின் அடி இடுக்கு வழியாக வரும் மூச்சைக் கேட்டபடி கட்டில் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பாள். இன்னொரு சங்கடமும் இருந்தது. "என்னை இங்க்ரிட் என்றே கூப்பிடு" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார். தாயைவிட மூத்தவரைப் பெயர் சொல்லி எப்படிக் கூப்பிடுவது? ஆகவே ஹெப்சிபா அவரை எதுவுமே சொல்லிக் கூப்பிடவில்லை. அவசரம் என்றால் இருமுவாள். பாவம், இந்தப் பெண்ணுக்குத் தொண்டை சரியில்லை என்று இங்க்ரிட் தேன் வாங்கி வைத்தார்.

"இன்று ஓட்டோவை நீ நடக்கக் கூட்டிப் போகிறாயா?" என்று முதல் நாளே கேட்டார். பயணக் களைப்பு என்று வாய்தா வாங்கினாள். மறுநாள் வயிறு. அதற்கு மறுநாள் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை, தங்கள் சபையில் ஓய்வுநாளில் நாயை நடக்கக் கூட்டிப் போவதில்லை என்று ஒரு புது வேதச் சட்டத்தையே இயற்றினாள். இங்க்ரிட் பயபக்தியோடு தலையசைத்தார். அவருக்குச் சந்தேகம் வராததற்கு இன்னொரு காரணமும் உண்டு.

"நீ அவனைக் கொஞ்சுவதில்லை, தொடுவதில்லை, மரியாதையாகத் தள்ளி நிற்கிறாய். நாய் தெரிந்தவர்கள் அப்படித்தான். இங்கே எல்லாரும் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்."

ஹெப்சிபா சுவரோடு ஒட்டி நின்றபடி அந்தப் புகழ்ச்சியை ஏற்றுக்கொண்டாள்.

வீட்டுக்குள் இருக்க முடியாததால் ஊர் சுற்றக் கிளம்பினாள். அங்கேதான் ஐரோப்பா தன் சுயரூபத்தைக் காட்டியது. ரயிலில் நாய். ஓட்டலில் மேஜைக்கடியில் நாய். துணிக்கடையில் உடை மாற்றும் அறையின் திரைக்குக் கீழே நாலு கால். பாரீசில் ஒரு அம்மாளின் கைப்பையிலிருந்து ஒரு தலை நீண்டு ஹெப்சிபாவின் டிக்கெட்டை முகர்ந்து பார்த்தது. கோபுரம் எவ்வளவு உயரம் என்று பிற்பாடு தோழிகள் கேட்டபோது அவளால் சொல்ல முடியவில்லை. அங்கே நின்ற நேரம் முழுவதும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லைக்கு அப்பால் பாசல் என்ற ஊரில் தெருக் குழாய்த் தொட்டிக்குக் கீழே நாய்க்கென்று குட்டித் தொட்டியே கட்டியிருந்தார்கள். மாநகராட்சியே எதிர்த்தரப்போடு சேர்ந்துகொண்டால் எங்கே போய் முறையிடுவது?

இதைவிடக் கொடுமை, இவை எதுவும் குரைப்பதில்லை. நம்மூர் நாய் குரைத்து, நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் வரும். இவையோ தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு வாசிக்காமல் இருக்கும் நீதிபதி போலப் பார்த்துக்கொண்டே இருந்தன. "ஒன்றும் செய்யாது" என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு பாஷையில் சொன்னார்கள். நாய் வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும் போலும். செத்த நேரமாவது நிம்மதியாக இருந்தது வியன்னாவில். அங்கே சுரங்க ரயிலில் நாய்க்கு வாய்ப்பூட்டு போட வேண்டும் என்று சட்டம். மனித குலம் எட்டிய நாகரிகத்தின் உச்சி வியன்னாதான் என்று ஹெப்சிபா அன்றே தீர்மானித்தாள். இசை, அரண்மனை இதெல்லாம் பிறகு.

நாய் நுழைய முடியாத இடம் இரண்டே இரண்டு என்று மெல்ல மெல்லப் புரிந்தது. ஒன்று மியூசியம், மற்றொன்று கோயில். அதிலிருந்து அவள் ஒரு கோயிலையும் விடவில்லை. பெரிய கதவு சாத்திக்கொண்டதும் பெஞ்சில் உட்கார்ந்து, காலைத் தரையில் நீட்டி, மூச்சு விடுவாள். வேறு வேலை இல்லாததால் தலையை அண்ணாந்து கூரையைப் பார்ப்பாள். கல் வளைவு எப்படிப் பளுவைத் தாங்குகிறது என்று கல்லூரியில் புரியாததெல்லாம் அந்த பயத்தில் புரிந்தது. வாசலில் கட்டிப் போட்டிருக்கும் நாயை அதன் சொந்தக்காரர் அவிழ்த்துக்கொண்டு போகும்வரை உள்ளேயே காத்திருப்பாள். அதற்குள் நாலாவது முறையாக வளைவுகளைப் படித்து முடித்திருப்பாள்.

போட்டோக்கள் ராஜபாளையம் போய்ச் சேர்ந்தன. கிருபாபாய் பூரித்துப்போனாள். "நம்ம ஊர்ல இருக்கையில ஆராதனைக்குக் கிளப்புததுக்குள்ள உசுரு போகும். அங்க போயி எம்புட்டு கோயில்! கர்த்தர் பிள்ளையைத் தொட்டுட்டாரு" என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னாள். பெண்கள் ஐக்கியம் ஒரு சிறப்பு ஜெபம் செய்தது.

கோடை முடிய இன்னும் சில நாள் இருக்கும்போது, காலைச் சாப்பாட்டில் இங்க்ரிட் சாதாரணமாகச் சொன்னார்:

"புதன்கிழமை எனக்குக் கண்ணில் புரை எடுக்கிறார்கள். ஒரு வாரம் நான் குனியக் கூடாது, எதையும் இழுக்கக் கூடாது. ஓட்டோவின் சாப்பாடு, நடை, குளியல் எல்லாம் உன் பொறுப்பு. இந்த வருடம் இத்தனை பேரில் உன்னைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்."

ஹெப்சிபா வாய்க்குக் கொண்டுபோன ரொட்டியைத் தட்டில் வைத்தாள். மேஜைக்கடியில் ஓட்டோ கொட்டாவி விட்டது. அவளுக்கு அதன் பல் வரிசை முழுவதும் தெரிந்தது.

தோட்டத்துக் கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட் வாசல் டீக்கடையில் நின்றார்.

"காய்ச்சல்னு படுத்துரு" என்றார் குமாஸ்தா, யோசிக்கவே யோசிக்காமல். "ஒரு வாரம் ஓடிரும். பொறவு ஃப்ளைட்டு வந்துரும். கேஸ் தன்னால முடிஞ்சிரும்."

"அப்பா, அவியளுக்குக் கண்ணு ஆபரேஷன். நான் காய்ச்சல்னு படுத்தா அவிய கட்டுப் போட்ட கண்ணோட எனக்குக் கஞ்சி காய்ச்சிட்டு நிப்பாவ. ஏற்கனவே இருமலுக்குத் தேன் வாங்கி வச்சிருக்காவ."

"அப்ப உள்ளதை ஒத்துக்கிடப் போறியாக்கும்? ஒத்துக்கிட்டா நாளைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிருவாவ. சர்டிபிகேட்டும் கிடைக்காது. ஊருல என்னன்னு சொல்லுவேன் நான்?"

"நாய்க்குப் பயந்து வந்துட்டான்னு சொல்லுங்க."

"ராஜபாளையத்துலயா! அங்க இருந்துக்கிட்டு அதை நான் எப்படிளா சொல்லுவேன்?"

மறுமுனையில் டீ ஆறிப்போனது. ஹெப்சிபா போனை வைத்தாள். பிரேம்குமாரின் வாழ்நாளில் அவர் யோசனை நிராகரிக்கப்பட்டது அது முதல் தடவை.

உள்ளே போனாள். இங்க்ரிட் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஹெப்சிபா இருமினாள். அவர் திரும்பினார்.

"எனக்கு நாய் என்றால் பயம்."

"பொறுப்பு என்றால் எல்லாருக்கும் பயம்தான். பழகிவிடும்."

"பொறுப்பு இல்லை. நாய். ஓட்டோ பயம். சின்ன நாயும் பயம். படத்தில் இருக்கிற நாயும் பயம். இங்கே வந்த நாளிலிருந்து கோயில் கோயிலாகப் போய் ஒளிந்துகொண்டிருக்கிறேன்."

"ராஜபாளையத்தில் பிறந்துமா?"

"ராஜபாளையத்தில் பிறந்துதான்."

இங்க்ரிட் கையைத் துடைத்தார். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசத் தொடங்கினார். ஜெர்மனில், நீளமாக. குரல் உயர்ந்தது, தாழ்ந்தது, ஒரு இடத்தில் உடைந்தது. பல்கலைக்கழகத்துக்குத்தான் என்று ஹெப்சிபா நினைத்தாள். பிறகு, தூதரகமோ என்று தோன்றியது. குரல் உடைந்தபோது போலீஸ் என்றே உறுதியாகிவிட்டது. பெட்டியை எடுத்து வைத்தாள். துணியை மடிக்காமல் திணித்தாள். ஓட்டோ வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கமாகவே நின்று பெட்டியைக் கட்டி முடித்தாள்.

கதவு திறந்தது. இங்க்ரிட்டின் மூக்கு சிவந்திருந்தது.

"என் தம்பியோடு பேசினேன். எங்கள் அப்பா செத்த பிறகு வீட்டுப் பங்கில் சண்டை. அதிலிருந்து பேச்சு இல்லை. இந்த ஊரில் ஓட்டோ முன்பு போய்ச் சாப்பிட்டுப் பழகிய இன்னொரு வீடு அவன் வீடுதான். உன்னால் நான் முதலில் பேச வேண்டியதாகப் போயிற்று."

பாகப்பிரிவினைச் சண்டை என்றதும் ஹெப்சிபாவுக்கு ஐரோப்பா முதல் தடவையாகத் தெளிவாக விளங்கியது. அவள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மாதிரிச் சண்டைகளால்தான்.

"பெட்டி எதற்கு?" என்றார் இங்க்ரிட்.

"என்னை அனுப்பிவிடுவீர்கள் என்று..."

"அனுப்பலாம்தான். மூன்று மாதமாக என்னை முட்டாளாக்கியிருக்கிறாய்." அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "ஆனால் புதன்கிழமை என்னோடு ஆஸ்பத்திரிக்கு யார் வருவது? நாயைப் பார்க்க ஆள் இருக்கிறது. எனக்குத்தான் இல்லை. கண்ணில் கத்தி வைப்பார்கள் என்று நினைத்தாலே எனக்குப் பயம். நீ வருவதானால் இரு."

ஆஸ்பத்திரிக்குள் நாய் வருமா என்று ஹெப்சிபா கேட்டாள். வராது என்றார். உடனே ஒத்துக்கொண்டாள்.

புதன்கிழமை காலையில் ஓட்டோவைத் தம்பி வந்து கூட்டிப் போனார். அக்காளும் தம்பியும் நாயைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள். பிறகு இங்க்ரிட்டும் ஹெப்சிபாவும் டிராம் ஏறினார்கள். உட்கார்ந்த மறுகணம், எதிர் இருக்கைக்காரரின் பழுப்பு நாய் ஒன்று மெதுவாக நகர்ந்து வந்து, தன் மோவாயை ஹெப்சிபாவின் ஷூ மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.

அவள் கல்லாகிப் போனாள். உதவிக்கு இங்க்ரிட்டைப் பார்த்தாள். அவர் இவள் கையைப் பிடித்திருந்தார். கண் ஜன்னலுக்கு வெளியே எதையும் பார்க்காமல் நிலைகுத்தி நின்றது. ஆஸ்பத்திரி நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. ஹெப்சிபாவால் எழுந்திருக்க முடியவில்லை. இங்க்ரிட்டுக்கு எழுந்திருக்க மனமில்லை. ஒருவர் மற்றவர் எழுந்திருப்பார் என்று காத்திருந்ததாகப் பிற்பாடு இருவரும் சொன்னார்கள். கதவு சாத்திக்கொண்டது. டிராம் பாலத்தில் ஏறி, ரைன் ஆற்றைத் தாண்டி, அவர்களைப் பிரான்ஸ் தேசத்துக்குக் கொண்டுபோயிற்று.

அடுத்த நிறுத்தம் நெருங்கியதும் ஹெப்சிபா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, காலை ஒரே இழுப்பாக இழுத்தாள். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அவள் எழுந்தாள். இங்க்ரிட்டையும் தூக்கி நிறுத்தி இழுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கிய பிறகுதான் ஷூவைக் குனிந்து பார்த்தாள்.

இங்க்ரிட் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தாமதம் என்று தெரிவித்தார். காரணம் கேட்டிருக்க வேண்டும். எதிலும் நேர்மை தவறாத அந்த ஆசிரியை, ஒரு நாயினால்தான் என்று பழி முழுவதையும் நாய் தலையில் போட்டார். நாயைக் குறிக்கும் அந்த ஒரு ஜெர்மன் சொல் ஹெப்சிபாவுக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பிப் போகும் டிராம் வந்தது. ஹெப்சிபா முன்னால் ஏறி, ஒவ்வொரு இருக்கைக்கும் அடியில் குனிந்து பார்த்தாள். பிறகுதான் கையை நீட்டி, "ஏறுங்க" என்றாள், தமிழிலேயே. இங்க்ரிட் ஏறினார்.