டாக்டர் எண்ணிய முழு நிமிடம்

வினாடி முள் சற்றே வளைந்த அந்தக் கைக்கடிகாரம் டாக்டருடையது. ஆனால் நோயாளி வந்துவிட்டால் அது என் கைக்கு வந்துவிடும். மேசையில் கிடக்கும் நாயின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, மறு கையால் அதன் தொடையின் உள்பக்கத்தில் நாடி பிடித்து, என் கையிலுள்ள முள்ளையே பார்த்துக்கொண்டிருப்பார். அறுபதுகளில் போர்ட் பிளேர் கால்நடை மருந்தகத்தில் காம்பவுண்டராக நான் செய்த முக்கியமான வேலை அதுதான். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் அவரிடம் கிடையாது. "முழு நிமிஷம் எண்ணணும்யா. மீதி முக்கால் நிமிஷத்துல அது என்ன சொல்லப்போகுதோ" என்பார். ஊர் அவரை மாட்டு டாக்டர் என்றது. அவரும் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் முற்பகலில் டாலிகஞ்ச் டீக்கடைக்காரர் தம் நாயைக் கைவண்டியில் கிடத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். ராமநாதபுரத்துக்காரர். பின்னால் பத்துப் பேர், ஒருவர் கையில் துப்பாக்கி. நின்ற இடத்திலேயே விழுந்து காலை உதறுகிறதாம், வெறி பிடித்துவிட்டதாம். 'பாகல் குத்தா', வெறிநாய் என்று இந்தியில் ஒரே கூச்சல். "சுட்டுரச் சொல்றாக சார். எட்டு வருசமா எங்கூடவே கெடக்கு" என்றார் டீக்கடைக்காரர். நானும் சுடச் சொன்ன கட்சிதான். திருநெல்வேலியில் வெறிநாய் கடித்துச் செத்தவரைக் கண்ணால் பார்த்தவன். அந்தப் பயத்தையும் கப்பலில் ஏற்றிக்கொண்டுதான் வந்திருந்தேன். இந்தத் தீவுகளில் வெறிநோயே கிடையாது என்று டாக்டர் சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை.

அவர் வாதாடவில்லை. கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார். வாங்கிக்கொண்டு எட்டி நின்றேன். முழு நிமிடத்துக்கு நாற்பது. நாயை அவரே முற்றத்தில் இரண்டு சுற்று நடத்திக் கூட்டிவந்து மறுபடி எண்ணினார். அப்போதும் நாற்பது. நடந்தால் ஏற வேண்டிய துடிப்பு ஏறவே இல்லை. திடீரென்று நாய் சாய்ந்து காலை உதறியது. கூட்டம் பின்வாங்கியது, டாக்டர் காதிலிருந்து குழாயை எடுக்கவில்லை. சில வினாடிகளில் அது தானாக எழுந்து அவர் கையை நக்கியது. நெஞ்சு நின்று நின்று ஓடுவதால்தான் விழுகிறது, இதயத்தின் மேல் அறை கொடுக்கும் உத்தரவு கீழ் அறைக்கு வந்து சேரவில்லை என்றார். "மெயின்லேண்ட் கப்பல் வரலேன்னா நம்ம ஊர் நின்னா போகுது? இருக்கறதை வச்சு மெதுவா ஓட்டுறோம்ல. இதுவும் அப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கு." அரிசிக்கும் கடிதத்துக்கும் கப்பலை எதிர்பார்த்துக் கிடந்த ஜனங்களுக்கு அது உடனே புரிந்தது. முதலில் நடையைக் கட்டியவர் துப்பாக்கிக்காரர்தான்.

மருந்தென்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஓடவிடாமல் கடைவாசலிலேயே கட்டிப்போடச் சொன்னார். அடுத்த மழைக்காலம்வரை பன் தின்றுகொண்டு ராஜாவாக வாழ்ந்து, தூக்கத்தில் போய்ச் சேர்ந்தது. ஒரு கடிகாரத்தையும் இரண்டு காதுகளையும் மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தவரிடம் வேலை பார்த்தேன் என்பதில் எனக்கு இன்றும் கர்வம்தான். அதை மறைப்பானேன்?

போன மாதம் நானே மயங்கி விழுந்தேன். சென்னை மருத்துவமனையில் என் மணிக்கட்டைப் பிடித்த நர்ஸ் கால் நிமிடத்தில் விட்டுவிட்டாள். "முழு நிமிஷம் எண்ணும்மா" என்றேன். சிரித்துக்கொண்டே எண்ணினாள், சிரிப்பு பாதியில் நின்றது. நாற்பது. இதய மருத்துவர் ஈசிஜி காகிதத்தோடு வந்தபோது, மேலே இருந்து உத்தரவு வரவில்லையா என்று நானே கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல சார். மாட்டு டாக்டருக்குக் கடிகாரம் பிடிச்சவன்."