தண்ணீரிலிருந்து திரும்பிய பழனியக்கா

சேலத்தில் பேருந்துக்காக நின்றிருந்தபோது கோமதி அழைத்தாள். பழனியக்காவின் மகள். "அண்ணா, அம்மா காலையில தவறிட்டாங்க. கோழிக்குத் தீவனம் வெச்சுட்டு வந்து உக்காந்தாங்க, அவ்வளவுதானுங்க." நாமக்கல் பேருந்து வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை.

நான் இயக்கிய நம் படத்தில் வேலை செய்தவர்களுக்கு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணையில் வேலை செய்தவர். கேமரா முன் நின்றதே இல்லை. நடிக்கக் கேட்டபோது, "எனக்கு அழுவ வராதுங்க சாமி, பரவால்லீங்களா?" என்றார். அழாத அந்த முகம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

மகனை இழந்த ஒருத்தி மேட்டூர் அணை நீருக்குள் நடந்து மறைகிறாள். நான் எழுதிய முடிவு அது. இடுப்பளவு வந்தால் போதும் என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன். விடிந்த நேரம். பனியில் எதிர்க்கரையே இல்லை. வானம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பரிசல்கள் அந்தரத்தில் மிதந்தன. அக்கா மெல்ல நடந்தார். முழங்கால் நனைந்ததும் நின்றார். குனிந்து பார்த்தார். சிரித்தார். திரும்பிக் கரைக்கு வந்துவிட்டார்.

எனக்குக் கோபம். "ஏனக்கா திரும்புனீங்க?"

சேலையைப் பிழிந்தபடி சொன்னார்: "எங்கூட்டுக்காரரு லாரி கவுந்து செத்தப்ப, நானும் இப்புடித்தான் ஏரிக்குள்ள எறங்குனேன் தம்பி. மீன்குஞ்சு காலைக் கொத்துச்சு. கூச்சந் தாங்காம சிரிச்சுப்போட்டேன். சிரிச்சதுக்கப்பறம் எப்புடிச் சாவறது? ஊட்டுல கோமதி பால் குடிக்கற புள்ள. இன்னைக்கும் கொத்துச்சுங்க."

நல்லவேளை, ஒளிப்பதிவாளர் கேமராவை நிறுத்தியிருக்கவில்லை. அக்கா திரும்பி வந்ததே படத்தின் முடிவாயிற்று.

ராசிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரையிட்டோம். முடிந்ததும் கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டாள்: "நெசமாலுமே அப்புடித் திரும்பி வர முடியுமாங்க?"

அக்கா நாற்காலிகளுக்கிடையே நடந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தனே கண்ணு. உன்ர முன்னால நிக்கறேன் பாரு."

அவள் யாரென்று யாரும் விசாரிக்கவில்லை. நேற்று, அக்காவின் வீட்டு வாசலில் அவளைப் பார்த்தேன். துக்கத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொம்பில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கும் கொடுத்தாள்.

இனி என் கதையில் எவரையும் சாக அனுப்புவதற்கு முன், ஒரு கணம் நிறுத்திக் குனிந்து பார்க்கவிடுவேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கணத்தை.