குண்டுக்கு நேர்ந்த சேவல்

சேது வாயைத் திறந்தால் புக்கிட் பெலிம்பிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம்கூடப் பால் விடுவதை நிறுத்திவிட்டுக் கதை கேட்கும். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் ரோடு போட அவரைப் பிடித்துப் போனார்கள். அவர் சொல்வதை நம்பினால், தண்டவாளத்தில் பாதி அவர் தோளில் போனதுதான்.

தோட்டத்திலிருந்து போன முப்பது பேரில் திரும்பியது அவர் ஒருவர். அது மட்டும் புளுகு இல்லை. ஜப்பானில் அணுகுண்டு விழுந்து சண்டை நின்றதால் உயிரோடு வந்தார். அதற்காக நாற்பது வருடமாக ஆகஸ்டில் முனியாண்டிக்கு ஒரு சேவல். "குண்டு போட்டவன் கை நோகக்கூடாது சாமி" என்று வேண்டி அறுப்பார். லயத்து வீடுகளுக்கெல்லாம் குழம்பு.

எண்பத்தைந்து ஆகஸ்டில் கோலா சிலாங்கூரிலிருந்து சிவானந்தம் வாத்தியார் வந்தார். அணுகுண்டே கூடாது என்று கோயில்காரர்களும் சர்ச்காரர்களும் சேர்ந்து எழுதிய மனுவுக்குக் கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுக் கையெழுத்து கேட்டார்.

"அந்தக் குண்டு இல்லாட்டி நான் ஏது வாத்தியாரே? நன்றி கெட்டவனாயிருவேன் லா" என்றார் சேது. கோயில் மண்டபமே சிரித்தது.

"ஒங்கள அடிச்சவன் மேல மட்டும் விழுந்திருந்தா நான் வாயே தொறக்க மாட்டேண்ணே. இது யார் மேல விழுந்துச்சுன்னு பாருங்க" என்று வாத்தியார் ஒரு படத்தை நீட்டினார். ஏழு வயதுப் பெண் பிள்ளை. முதுகில் தோல் இல்லை. "எந்தச் சாமி இத ஏத்துக்கும்?"

சேது படத்தை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். அவருக்குப் பேச்சு வராததைத் தோட்டம் அன்றுதான் பார்த்தது. கூட்டம் கலைந்ததும் கைநாட்டு வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

"சேவல எப்பங்க அறுக்குறது?" என்றாள் மனைவி புஷ்பவள்ளி.

"அறுக்கல."

"நேந்துக்கிட்டதாச்சே. ஒங்கள உசுரோட கொண்டாந்தது முனியாண்டி."

"அவரு கொண்டாரணும்னா ஒரு புள்ளய வேகவச்சா கொண்டாருவாரு? நாப்பது வருசமா அதுக்குல்ல கொழம்பு வச்சு ஊத்திருக்கேன்."

"குண்ட நீங்களா போட்டீங்க?"

"போடல. கும்புட்டேன்."

வெள்ளிக்கிழமை வெறும் தேங்காய்த் தட்டோடு கோயிலுக்குப் போனார்.

"சேவல் எங்க மாமா, பறந்துருச்சா?" என்று சிரித்த பூசாரி நல்லசாமி, தட்டை வாங்கினான். "சரி, யார் பேருக்கு அர்ச்சனை?"

"ஒரு பொம்பளப் புள்ளைக்கு."

"பேரு?"

"தெரியாதுப்பா."

"பேரில்லாம சாமிகிட்ட எப்படிச் சொல்றது?"

சேது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "அப்ப என் பேரச் சொல்லு. அந்தப் புள்ளகிட்ட மன்னிப்பு கேக்குறான்னு சொல்லு."

நல்லசாமி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். பிறகு சாமி பக்கம் திரும்பினான்.