விழுந்தது நட்சத்திரம் இல்லை

இன்று காலை தென்காசியில் குற்றாலம் போகும், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரிப்புகையில் ஓடும் கரி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து வரிசையில் என்னிடம் படிக்கிற பையன் ஒருவனின் அம்மா. சாரலில் தலை நனைவது தெரியாமல், ஜன்னலுக்கு வெளியே வயலையும் தென்னையையுமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா அப்படிப் பாக்குதீக?"

"நேத்து ராத்திரி நட்சத்திரம் விழுந்துச்சு வாத்தியாரய்யா. கெட்டது அண்டாம இருக்க உடனே பச்சை மரத்தைப் பாக்கணும்லா. இருட்டுல எந்த மரம் பச்சையாத் தெரியுது? அதான் இப்பப் பாக்குதேன். மூத்தவன் பர்மா சண்டையில இருக்கான்."

"அது நட்சத்திரம் இல்லக்கா. வானத்துலேருந்து விழுத கல்லு, வழியிலயே எரிஞ்சு போகுது. நட்சத்திரம் விழாது."

கண்டக்டர் திரும்பினார். "அப்ப விடிவெள்ளி?"

"அதுவும் இல்ல. அது கிரகம். மினுக்கு மினுக்குன்னு துடிச்சாத்தான் நட்சத்திரம்."

"என்னய்யா, ஒவ்வொண்ணா இல்லைன்னுட்டே வாரீக!"

பஸ்ஸே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

"அப்ப எம் மவனுக்கு ஒண்ணுமில்லைல்லா?"

"வெறும் கல்லுதான்க்கா" என்றேன்.

என் தம்பியும் பர்மா சண்டையில்தான் இருந்தான். அவன் செத்த மாதம் நான் தினமும் வானம் பார்த்தவன். ஒரு கல்கூட விழவில்லை.

அக்கா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குற்றாலம் வரைக்கும் நானும் தென்னையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். எதற்கென்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.