மழைக்காலத்து விலை

பதினெட்டு ஆண்டுகள் நான் யாங்கோனில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த ஒரு சின்ன விடுதியின் முகப்பு மேசையில் உட்கார்ந்திருந்தவள். பன்னிரண்டு அறைகள், அவற்றில் நான்குக்கு ஜன்னல் கிடையாது. ஜன்னல் இல்லாததை 'அமைதியான அறை' என்று சொல்லி விற்றது நான்தான். முதுகில் மூட்டையோடு உலகம் சுற்றும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் எழுதும் கடிதங்களுக்கெல்லாம் பதில் போட்டுப் பழகியவள். எவர் வருவார், எவர் விலையைக் கேட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் வருவது நின்று, விடுதியையும் மூடி, நான் வீட்டோடு இருந்துவிட்ட பிறகும் அந்தக் கர்வம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. இங்கே நான் சொல்லப்போகிற கெடுதல் முழுக்க அந்தக் கர்வத்தால் வந்தது.

எங்களுக்கு ஒரே மகன். சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்கிறான். அவனை நேரில் பார்த்து நான்கு வருடம் ஆகிவிட்டது. ஒரு கப்பலில் ஒப்பந்தம் முடிந்தால் ஊருக்கு வராமல் அடுத்த கப்பலில் ஏறிக்கொள்கிறான். ஏன் வரவில்லை என்று தாமுவேப் பேட்டையில் எங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை. இருபத்தாறு வயதுப் பையன் உள்ள வீட்டில் அதைக் கேட்கக்கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். வந்தால் திரும்பப் போக விடுவார்களா, அல்லது பட்டாளச் சீருடை மாட்டி வேறெங்காவது அனுப்பிவிடுவார்களா என்ற பயம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. நாங்கள் போய்ப் பார்க்கலாம் என்றாலும் கப்பல் ஒரு துறையில் இரண்டு நாள் நின்றாலே அதிகம். அது எந்தத் துறை என்பதும் கடைசி நேரத்தில்தான் தெரியும்.

அதனால் ஏப்ரல் மாதம் அவன் போன் செய்து சொன்ன செய்தி எங்களைத் தூக்கிவாரிப் போட்டது.

"அம்மா, கப்பல பழுது பாக்க டாக்ல ஏத்துறாங்க. கிரீஸ் நாட்டுல ஒரு தீவு. ஆகஸ்ட் மாசம் மூணு வாரம் அங்கதான் நிப்போம். நீங்க ரெண்டு பேரும் வர முடியுமா?"

என் கணவர் இன்சீன் ரயில் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். போனை வைத்ததும் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினார். நான்கு மாதம் இருக்கிறதே என்று கேட்டேன். தூசி தட்ட வேண்டாமா என்றார்.

எனக்கோ வேறொரு சந்தோஷம். ஆகஸ்ட் என்று அவன் சொன்னதுமே மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். ஆகஸ்டில் யாங்கோனில் என்ன நடக்கும்? வானம் பொத்துக்கொண்டு ஊற்றும், துணி காயாது, செருப்பில் பூஞ்சை பிடிக்கும். விடுதியில் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். பாதி விலைக்கு அறை தருவோம். அதற்கும் ஆள் இல்லையென்றால் காலைச் சாப்பாட்டுக்கு மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்காவும் சேர்த்துத் தருவோம்.

"மழ காலத்துல யாரு தீவுக்குப் போவா? பாதி வெலைக்கு முடிச்சிரலாம்," என்றேன் அவரிடம். அவரும் தலையாட்டினார். உலகத்தில் எல்லா ஊரிலும் ஒரே மேகம்தான் என்று நாங்கள் இருவருமே நினைத்திருக்கிறோம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து போனும் கையுமாக உட்கார்ந்தேன். விடுதிப் படங்களைப் பார்க்க எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டிலை மூலையிலிருந்து குறுக்காகப் படம் பிடித்திருந்தால் அறை தீப்பெட்டி அளவு. துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து வைத்து அதை மட்டும் பெரிதாகக் காட்டினால் சுவரில் ஈரம். 'கடலுக்கு நடந்தே போகலாம்' என்றால் திரும்பி வரும்போது மூச்சு வாங்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, துறைமுகத்துக்குப் பின்னால் மேட்டில் இருந்த ஒரு வீட்டு விடுதியில் வந்து நின்றேன். ஒன்பது அறைகள். நடத்துவது ஒரு பெண்மணி. படங்கள் சுமாராக இருந்தன. சுமாரான படம் போடுகிறவர்கள் ஏமாற்றமாட்டார்கள்.

அவருக்கு எழுதினேன். தீவில் டாக்கில் நிற்கும் கப்பலில் எங்கள் மகன் வேலை செய்கிறான், அவனைப் பார்க்க வருகிறோம், இருவருக்கு ஒரு அறை வேண்டும் என்று. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. விலை சொல்லியிருந்தார். நியாயமான விலைதான். கடைசியில், 'ஆகஸ்ட் எங்களுக்கு நெருக்கடியான மாதம், சீக்கிரம் சொல்லுங்கள்' என்று ஒரு வரி இருந்தது.

அந்த வரியைப் படித்துவிட்டு நான் சிரித்தேன். பன்னிரண்டு அறையும் காலியாகக் கிடந்த ஜூலை மாதங்களில் அதே வரியை நானே எத்தனை பேருக்கு எழுதியிருப்பேன். இதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஒன்றும் செய்யக்கூடாது. வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். கேட்டவர் பேசாமல் இருந்துவிட்டால் முகப்பு மேசையில் இருப்பவர் காலி அறைகளை எண்ண ஆரம்பித்துவிடுவார். பத்து நாள் பொறுத்து, விலையைக் குறைத்து அவரே மறுபடி எழுதுவார். மழைக்காலத்தில் நான் அப்படித்தான் எழுதுவேன்.

"அந்த அம்மாவுக்குப் பதில் போட்டியா?" என்று கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"போடல. போடாம இருக்கறதுதான் பதில்," என்றேன்.

பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா போனது. மே மாதம் முதல் மழை கூரைத் தகரத்தில் விழுந்த அன்று எனக்குத் திருப்தியாகக்கூட இருந்தது. அந்த அம்மா எழுதவில்லை. நல்ல அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன். நானும் விடவில்லை. ஜூன் தொடக்கத்தில், போனால் போகிறது என்று, ஐந்தில் ஒரு பங்கு குறைத்து ஒரு விலையை நானே சொல்லி எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. அறை போய்விட்டது. மன்னிக்கவும்.

வேறு விடுதிகளைத் தேடினேன். தீவு முழுக்கத் தேடினேன். இருந்த ஒன்றிரண்டு அறைகள் மூன்று மடங்கு விலை. என்னடா இது என்று மகனிடம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது.

"இங்க எங்க மெஸ் சமையல்காரர் கிரீஸ்காரர்மா. அவருகிட்ட கேட்டேன். ஆகஸ்ட்ல அங்க ஒரு சொட்டு மழ கெடையாதாம். நாடே லீவு போட்டுட்டுக் கடலுக்கு வருமாம். பதினஞ்சாந்தேதி மாதா திருநாளாம், அதுக்கு வேற கூட்டமாம்."

ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள் என்பது எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து அன்றைக்குப் புதுத்துணி கட்டிக் கோவிலுக்குப் போகிறவள். அந்த நாள் உலகத்தில் வேறு ஊர்களிலும் இருக்கும், அங்கேயும் அறை வேண்டியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். விலையை மட்டும்தான் யோசித்தேன்.

ஜூன் கடைசியில் அந்த அம்மாவே எழுதினார். யாரோ வரவில்லை என்றார்களாம். ஆகஸ்ட் பத்திலிருந்து ஐந்து இரவுக்கு ஒரு அறை இருக்கிறது. முழுப் பணமும் இப்போதே கட்ட வேண்டும், திருப்பித் தரமாட்டார். பதினைந்தாம் தேதி காலை பதினொரு மணிக்குக் கண்டிப்பாகக் காலி செய்ய வேண்டும், காலைப் படகில் வேறு குடும்பம் வருகிறது. இங்குள்ள வங்கி அட்டை எதுவும் அங்கே செல்லாது என்பதால் மகனே அவன் அட்டையில் கட்டினான்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு விசா வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு ஓடினேன். பணம் கட்டிய அறைச் சீட்டு இல்லாமல் விசா மனுவைத் தொடவே மாட்டார்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். மேசையில் இருந்த பர்மியப் பெண் சீட்டைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மனு கொடுக்கக் கிடைக்கும் முதல் நாளே ஆகஸ்ட் பத்தொன்பதுதான் என்றாள். மே மாதம் வந்திருந்தால் எந்தத் தொல்லையும் இருந்திருக்காது என்று பர்மிய மொழியில் மிகவும் மரியாதையாகச் சொன்னாள். ஆகஸ்ட் இருபதாம் தேதி கப்பல் டாக்கைவிட்டு இறங்குகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பெட்டியை மறுபடி பரணில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தபோது அழுகை வந்துவிட்டது. அப்போது பின்னால் வந்து நின்று, "நீ பேரம் பேசிப் பேசித்தான் இந்தக் குடும்பம் நடந்திச்சு. அவனப் படிக்க வச்சதும் அதுலதான். ஒரு தடவ தப்பிருச்சு, விடு," என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனாலும் தப்பியது அந்த ஒரு தடவையாக இருந்திருக்க வேண்டாம்.

மகனிடம் சொன்னபோது, "யபாதெம்மா," என்றான். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வாயில் முதலில் வருவது அந்தப் பர்மிய வார்த்தைதான். "பணம் கட்டியாச்சு, ரூம் இருக்குல்ல. நான் போய்ப் படுத்துக்கறேன்."

அதுவும் உடனே நடக்கவில்லை. டாக்கில் ஏறிய கப்பலில் வேலை கடலில் இருப்பதைவிட அதிகமாம். நான்கு இரவு அந்த அறை பூட்டியே கிடந்தது. ஐந்தாவது இரவும் அவனுக்கு வேலை. திருநாள் அன்று கப்பல் பட்டறைக்கு விடுமுறை என்பதால் காலையில் இறங்க அனுமதித்தார்கள். நாங்கள் இங்கே பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றவில்லை, போன் வந்தது. எங்களுக்குப் பத்தரை, அவனுக்குக் காலை ஏழு.

அறையைச் சுற்றிக் காட்டினான். பழக்கதோஷம், நான் சும்மா இருக்கவில்லை. குழாயைத் திறக்கச் சொன்னேன். மெத்தையைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். ஜன்னல் வழியாக எதிர் வீட்டுச் சுவரும், அதன் ஓரத்தில் ஒரு விரல்கடைக் கடலும் தெரிந்தன. சுத்தமான அறை.

"மூணு பேருன்னு எழுதியிருந்தியாம்மா?" என்று கேட்டான். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மடக்குக் கட்டில் விரித்து, அதன்மேலும் தலையணை வைத்திருந்தது. நான் இருவர் என்றுதான் எழுதியிருந்தேன். மகனைப் பார்க்க வருகிறோம் என்றும் எழுதியிருந்தேன். அந்த அம்மா அந்த வரியையும் படித்திருக்கிறார்.

அவன் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தான். பேச்சு நடுவில் கண் சொக்கியது. படு, போனை மட்டும் அணைக்காதே, தலையணையில் சாய்த்து வை என்றேன். அப்படியே செய்தான். நாங்கள் எங்கள் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தோம். அன்று எங்கள் பக்கம் கரண்ட் போகவில்லை. அவன் நெற்றி அகலமாகிவிட்டது. மணிக்கட்டில் நான் அறியாத ஒரு தீக்காயத் தழும்பு. மூன்று மணி நேரத்துக்கு மேல் நாங்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சோறு ஆறிப்போனது.

இரண்டேகால் மணிக்கு எனக்குப் பகீரென்றது. அங்கே பதினொரு மணி ஆகப்போகிறது. கணவரின் போனை வாங்கி அந்த அம்மாவுக்கு எழுதத் தொடங்கினேன். எழுதக் கூசியது. பர்மியர்கள் ஆனாதெ என்பார்கள். அடுத்தவருக்குத் தொல்லை தருகிறோமே என்று மனம் குறுகுவது. ஆனாலும் எழுதினேன். மகன் தூங்குகிறான், இன்னும் ஒரு மணி நேரம் கதவைத் தட்ட வேண்டாம் என்று. உடனே பதில் வந்தது. 'மாலை வரை யாரும் வரவில்லை. தூங்கட்டும்.'

கொஞ்ச நேரத்தில் எங்கள் போனில் சத்தம் கேட்டது. அவன் அறைக்கு வெளியே கல் படியில் பெட்டிச் சக்கரங்கள் கடகடவென்று ஏறி வந்தன. ஒரு குழந்தை ஏதோ கேட்டது. பிறகு ஒரு பெண் குரல், மிகத் தணிந்து. சக்கரச் சத்தம் நின்றது. பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டார்கள் போலிருக்கிறது. காலடிகள் மெதுவாகக் கீழே இறங்கிப் போயின.

நான் கணவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு இது என்னவென்று தெரியாது. எனக்குத் தெரியும். காலைப் படகில் வந்த குடும்பத்தை அந்த அம்மா எங்கேயோ உட்கார வைத்து, காப்பி கொடுத்து, ஏதோ காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பதினெட்டு வருடத்தில் இப்படிப்பட்ட வேளைகள் எனக்கும் வந்திருக்கின்றன. நான் ஒவ்வொரு முறையும் மணி பார்த்துக் கதவைத் தட்டியிருக்கிறேன்.

அவன் கண் விழித்தபோது அங்கே மணி இரண்டைத் தாண்டியிருந்தது. பதறி எழுந்து, கப்பலில் பழகியபடி விரிப்பை இழுத்து மடித்தான். அந்த அம்மாவைப் பார்த்துக் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போ என்றேன். சரி என்றான். செருப்பை மாட்டிக்கொண்டே, கப்பல் அடுத்து டாக்கில் ஏறுவது இன்னும் இரண்டரை வருடம் கழித்துத்தான், எந்த நாட்டில் என்று இப்போது தெரியாது என்றான்.

"எந்த நாடா இருந்தாலும் சரி, தெரிஞ்ச அன்னைக்கே சொல்லு," என்றேன். "அன்னைக்கே ரூம் போட்டிர்றேன். வெல கேக்க மாட்டேன்."

அவன் செருப்பு வாரை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தான். என் வாயிலிருந்து அவன் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதே இல்லை.