ஆயாம்மாவின் பஞ்ச் அட்டை

என் பியானோ ஸ்டூலின் மூடியைத் திறந்தால், நோட்டுப் புத்தகங்களுக்கு அடியில் ஓர் அட்டை கிடக்கும். யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையோ, அதன் பின்பக்கத்தை வெட்டிச் செய்தது. ஸ்கெட்ச் பேனாவால் பத்துக் கட்டங்கள் போட்டிருக்கிறேன். ஒன்பதில் ஓட்டை இருக்கிறது, பத்தாவது காலி. மேலே என் கையெழுத்தில் ஒரு பெண்ணின் பெயர். முப்பது வருடங்களுக்கு மேலாக இதை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எதிரில் மட்டும் வெளியே எடுப்பதில்லை. எடுத்தால் கேள்வி கேட்பார்கள், எனக்குக் கேள்வி என்றாலே பயம்.

எனக்கு எதுதான் பயமில்லை? எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு மழலையர் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா போய்ச் சேர்ந்திருந்தார், என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து காலை பஸ்ஸில் வருவேன். தாளாளர் பெங்களூரில் ஏலத்தில் எடுத்த ஒரு பழைய பியானோவை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பியானோ சொல்லித் தருகிற பள்ளி என்றால் பெரிய அதிகாரிகள் தங்கள் பிள்ளைகளைச் சேர்ப்பார்கள் என்பது அவர் கணக்கு. சர்ச்சில் ஆர்கன் வாசித்த பழக்கத்தை நம்பி என்னை எடுத்தார். "ஆண்டு விழா வரைக்கும் பார்ப்போம். பேரண்ட்ஸுக்குப் பிடிக்கலேன்னா பியானோவை வித்துடலாம்" என்று முதல் நாளே சொன்னார். பியானோவோடு நானும் போகவேண்டியதுதான் என்று அவர் தனியாகச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பிள்ளைகளுக்கு நாலு வயது, ஐந்து வயது. ஸ்டூலில் உட்கார்ந்தால் கால் தரையில் படாது. விரலுக்கு நம்பர், பியானோக் கட்டைக்குப் பெயர், மணிக்கட்டு தொங்கக்கூடாது என்று நான் கற்ற வரிசையிலேயே ஆரம்பித்தேன். இரண்டாவது வாரத்தில், என்னைக் கண்டாலே ஒரு பெண் அழத் தொடங்கினாள். ஒருத்தன் பியானோவுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். மற்றவர்கள் வரிசையாக ஒன்றுக்குப் போகவேண்டும் என்றார்கள். அவர்களை அழைத்துப் போய்க் கூட்டிவரும் வேலை ஆயாம்மாவுடையது.

ஆயா என்றதும் வயதானவர் என்று நினைக்கவேண்டாம். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். பேரிகைப் பக்கம் பிறரது தோட்டங்களில் களையெடுத்துக்கொண்டிருந்தவர், கணவருக்குக் கம்பெனியில் வேலை கிடைத்ததும் ஓசூருக்கு வந்தவர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். ஒருநாள் வகுப்பு முடிந்து நான் ஜன்னலைப் பார்த்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, துடைப்பத்தைச் சாத்திவிட்டு வந்து நின்றார்.

"டீச்சரம்மா, இதுங்களுக்கு ஒன்னு ரெண்டு மூனு சொன்னா என்னா புரியும்? வூட்ல அப்பனுங்க காலைல ஏந்திரிச்சா ஷிப்ட்டு, ராத்திரி வந்தா ஷிப்ட்டு. அதையே வெளாட்டா வுடுங்க."

மறுநாள் அவரே ஆரம்பித்து வைத்தார். பியானோதான் மெஷின். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஷிப்ட்டு, அதாவது பாட்டில் ஒரு வரி. அப்பாக்கள் வேலைக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் நீட்டுவதைப் போலவே எல்லாருக்கும் பஞ்ச் அட்டை. ஆயாம்மா இரு கைகளையும் வாயில் குவித்து 'ஊ...' என்று கம்பெனிச் சங்கு மாதிரி ஊதுவார். சங்கு கேட்டால் எந்த இடத்தில் இருந்தாலும் கையை எடுத்துவிட வேண்டும். இறங்கிப் போய் அவரிடம் அட்டையை நீட்டினால், ஆபீஸில் காகிதங்களுக்குத் துளை போடும் பஞ்சால் ஓட்டை போட்டுத் தருவார். அடுத்த ஆள் ஓடிவந்து மெஷினில் உட்காருவான். அழுத பெண்தான் வரிசையைச் சரிபார்க்கும் சூப்பர்வைசர். பியானோவுக்கு அடியில் படுத்திருந்தவன் இப்போது ஓவர்டைம் கேட்டு அடம்பிடித்தான். விரல் நம்பரை அவர்களே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.

பிள்ளைகள் போனபிறகு ஆயாம்மா ஒற்றை விரலால் அதே பாட்டைத் தட்டிப் பார்ப்பார். "எனக்கும் ஒரு கார்டு போடுங்க டீச்சரம்மா" என்றார். அவர் பெயரை மேலே எழுதிப் போட்டேன். தடுமாறாமல் ஒரு வரி வாசித்தால் ஓர் ஓட்டை. பத்து வரிப் பாட்டில் ஒன்பது வந்துவிட்டது. ஆண்டு விழா அன்று காலை, மேடையைத் துடைக்கும்போது, பத்தாவதையும் பிசிறில்லாமல் வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். பஞ்ச் ஆபீஸில் இருந்தது. "விழா முடியட்டும், போட்டுத் தரேன்" என்று அட்டையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அன்று நான் கவலைப்படாத விஷயமே கிடையாது. மழையில் ஒட்டிக்கொள்ளும் கட்டை, ஸ்டூலின் உயரம், யாராவது மேடையிலேயே நனைத்துக்கொள்வார்களோ என்பது வரை யோசித்துவைத்திருந்தேன். ஆறு பிள்ளைகள் சங்கு இல்லாமல் வரிசையாக மாறி வாசிக்கப் பழக்கியிருந்தேன். நாலரைக்கு எங்கள் முறை. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார், அப்புறம் நிறைய பேசினார். எங்களைக் கூப்பிட்டபோது மணி ஐந்தாகப் போகிறது என்பதை நான் கவனிக்கவில்லை. எங்கள் வகுப்பு காலையில் நடக்கும். ஐந்து மணிச் சங்கு எங்கள் பாட்டுக்கு நடுவே ஒருநாளும் வந்ததில்லை.

சூப்பர்வைசர் பெண் நாலு சுரம் வாசித்திருப்பாள். எதிர்க் கம்பெனியில் சங்கு ஊதியது. அவள் சட்டென்று கையை எடுத்தாள், இறங்கினாள், மேடை ஓரத்தில் நின்றிருந்த ஆயாம்மாவிடம் போய்க் கையை நீட்டினாள். அடுத்தவன் ஓடிவந்து உட்கார்ந்தான். சங்கு நிற்கவில்லை, அவனும் இறங்கினான். இப்படியே ஆறு பேரும் ஏறி இறங்கி ஆயாம்மாவுக்கு எதிரே வரிசையில் நின்றுவிட்டார்கள். பெற்றோர் பக்கம் ஒரே சிரிப்பு. ஓர் அப்பா விசில் அடித்தார். தாளாளர் மட்டும் சிரிக்கவில்லை.

தாளாளர் திரைக்குப் பின்னால் வந்து கேட்டார். "இது பியானோ கிளாஸா, கம்பெனி வாசலா? யார் இதைக் கத்துக்கொடுத்தது?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆயாம்மா சொன்னார். "நாந்தாங்க சார். வெளாட்டுக்குச் சொன்னேன். டீச்சரம்மாவுக்கு ஒன்னும் தெரியாதுங்க."

திறப்பதற்குள் என்று எழுதிவிட்டேன். பொய். திறக்க நேரம் இருந்தது. என் சம்பளத்தை நம்பியிருந்த அம்மாவின் முகம் கண்ணில் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். திங்கட்கிழமை ஆயாம்மா வரவில்லை, அவரை நிறுத்திவிட்டு வேறு ஒருவரைப் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் என்னிடம் அட்டையை நீட்டினார்கள். "ஆயாம்மா லீவா மிஸ்?" என்று கேட்டாள் சூப்பர்வைசர். ஆமாம் என்றேன்.

பியானோவை விற்கவில்லை. அந்தச் சிரிப்பு பெற்றோருக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. தங்கள் பிள்ளையையும் ஷிப்ட்டில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நிறையப் பேர் வந்தார்கள். அடுத்த மாதம் தாளாளரே என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கார்டு ஐடியா நல்லா இருக்கே மேடம், விட்டுடாதீங்க" என்றார். ஆயாம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நன்றி சார் என்றுதான் சொன்னேன். முதல் மௌனத்துக்காவது பயத்தைக் காரணமாகச் சொல்லலாம். இதற்கு என்ன சொல்வேன்? கணவரின் வேலையும் போய், குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு பேரிகை பஸ்ஸில் ஏறினேன். வழியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இன்று ஓசூரில் என் வீட்டு முன்னறையிலேயே வகுப்பு. சங்கு, ஷிப்ட்டு, அட்டை எல்லாம் அப்படியே நடக்கிறது. எப்படித் தோன்றியது என்று யார் கேட்டாலும், ஏதோ தோன்றியது என்பேன். போன வாரம் ஐந்து வயதுக்காரி ஒருத்தி, நான் போனில் பேசிக்கொண்டிருந்தபோது ஸ்டூல் மூடியைத் திறந்துவிட்டாள். அட்டையை எடுத்து, மேலே இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அந்தப் பெயரைச் சொல்லி நாங்கள் யாரும் அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"இவங்க உங்க ஸ்டூடண்டா மிஸ்?"

"இல்லம்மா. நீங்க எல்லாரும் விளையாடுற இந்த விளையாட்டு அவங்களோடது."

அவள் கட்டங்களை விரலால் எண்ணினாள். பிறகு மேஜையிலிருந்த பஞ்சை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இவங்களுக்கு ஒன்னு பாக்கி இருக்கு மிஸ். சரியா வாசிக்கலையா?"

"சரியாத்தான் வாசிச்சாங்க" என்றேன். பஞ்சை மட்டும் வாங்கிக்கொள்ள முடியவில்லை.