துரைசாணி கொடுத்த கடற்கரை

விரலால் தடவினால் நெருடும், கிட்டப் போனால் எண்ணெய் வாடை அடிக்கும். அந்தப் படம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவைதான். சிலோனில் டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களாவில் வேலை பார்த்த அம்மாவுக்கு, சீமைக்குத் திரும்பிய துரைசாணி அதைக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கத்தில் நின்றால் வெறும் சாயத் திட்டுகள். லயம் என்ற வரிசைக் குடியிருப்பில் எங்கள் ஒற்றை அறைக் "காம்பரா"வின் வாசல்வரை பின்னால் நகர்ந்து பார்த்தால் தென்னைகள், வெள்ளை வீடுகள், தகதகவென்று கடல், கரையில் கும்பலாக ஆட்கள். கடலையே கண்டிராத எனக்கு அது கொள்ளை அழகு.

அப்பாவுக்கோ அதைக் கண்ட நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டுவிட்டு நாங்கள் விசாரணைக்குக் காத்திருந்த காலம். எல்லாரையும் இந்தியாவுக்கு ஏற்றிவிடப் போகிறார்கள் என்ற பேச்சு லயத்துக்கு லயம் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா கொடுப்பார்களா, நம்மை அனுப்பப் போகிற இடத்தை நாசூக்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். கரையில் தெரிந்த சிவப்புத் திட்டுகளை மூட்டை முடிச்சு என்றார். அம்மா பூச்செடி என்றாள். பக்கத்துக் காம்பரா மாமா வந்து, கப்பல் எங்கே என்று தேடினார். அழகென்று பார்த்த நானும் கப்பலைத் தேடத் தொடங்கினேன்.

பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா படத்தைச் சாக்கில் சுற்றித் தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுக்குத் தூக்கிப்போனார், நானும் கூடவே போனேன். கிளாக்கர் பார்த்ததும் சிரித்துவிட்டார். துரைசாணி லீவில் காலி என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் போயிருந்தபோது தானே உட்கார்ந்து வரைந்ததாம், இந்த நாட்டு ஊர்தானாம். அப்பாடா, எனக்குப் போன உயிர் வந்தது.

அப்பா சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில் சொன்னார்.

"இந்த நாட்டு ஊருன்னே நமக்குத் தெரியலையே பாப்பா. விசாரணையில ஒன் நாடு எதுன்னு கேட்டா, நான் எப்புடி நம்ப வைப்பேன்?"

நம்ப வைக்க அவரால் முடியவில்லை. சில வருஷத்தில் எங்களுக்கு இந்தியாவுக்குப் பயணம் வந்தது. சாமான் கட்டும்போது அம்மா படத்தை மாமாவிடம் நீட்டினாள். தனக்கும் பயணம் வந்துவிடுமென்று பயந்து அவர் தொடக்கூட மாட்டேனென்றுவிட்டார்.

படம் என்னவாயிற்றோ தெரியாது. அந்த லயமும் இப்போது இல்லையாம். கோத்தகிரியில் வந்து இத்தனை காலமாகியும் இங்குள்ளவர்களுக்கு நாங்கள் "சிலோன்காரங்க"தான். அப்படி யாராவது கூப்பிட்டால் அப்பா கோபப்பட்டதில்லை. "இத அங்க ஒருத்தரும் சொல்லலையே" என்பார்.